நாய் போகிற மலை

மேற்கணக்கு, கடைசி லயம்,
கல்லுமலைத் தோட்டம்,
றக்வான.
20.04.2003

என் பேத்தி கிருஷ்ணகுமாரிக்கு அப்பாயி எழுதுவது.

வருஷப்பிறப்புக்கு நீ வரவில்லை என்ற கோபம் பின்னால் வருகிறது. முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் கோபத்துக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

உன் தம்பி கிருஷாந்த் இரத்தினபுரிப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு முதலாவது. ஸ்கொலர்ஷிப் பாஸாகி விடுதிக்குப் போன பிள்ளை, போன இடத்திலும் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. உன் அத்தை மகன் இந்திரகுமார் யட்டியாந்தோட்டை பஜாரில் ஹாட்வெயார் கடைக் காஷியர். காசு லாச்சிச் சாவி இப்போது அவன் இடுப்பில்தான் தொங்குகிறதாம். அவன் தங்கச்சி விஜயகலா தாதிப் படிப்புக்கு எடுபட்டுவிட்டாள். வெள்ளைத் தொப்பியோடு படம் வந்திருக்கிறது. அப்புறம் நீ. இந்தத் தோட்டத்திலிருந்து இங்கிலீஸ் டீச்சருக்குப் படிக்கப் போன முதல் பொம்பளைப் பிள்ளை. நாலு பேரும் என் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் வரிசையாக இருக்கிறீர்கள். யார் வந்தாலும் தேத்தண்ணீருக்கு முன்னால் படத்தைத்தான் காட்டுவேன். பக்கத்துக் காம்பரா ஜெயம்மாவுக்குப் பொறுக்காது. "படத்த காட்டி முடிக்கங்குள்ள தேத்தண்ணி ஆறிப்போயிருதுக்கா" என்பாள். ஆனால் நான் இல்லாத நேரத்தில் வருகிறவர்களுக்கு அவளே கதவைத் தள்ளிக் காட்டுகிறாள். உன்னைத் தன் பேத்தி என்றும் சொல்லிக்கொள்கிறாளாம். போகட்டும், அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். போன கிழமை தேயிலைத் தூள் வாங்க ஸ்டோருக்குப் போனேன். திடீரென்று மழை கொட்டியது. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு பொம்பளைகள் ஓடிவர, எல்லோருமாகக் கூரைக்குக் கீழே ஒண்டினோம். தோட்டத்துச் சின்னதுரை யாரோ ஒரு பெரிய ஆளோடு நின்றவர், எங்கள் பக்கம் திரும்பி, "ரெயினிங் கேட்ஸ் என்ட் டோக்ஸ்" என்று சொல்லிச் சிரித்தார். ஜெயம்மா என் இடுப்பில் இடித்தாள்.

"டோக்குன்னா நாய்தானக்கா? கேட்டுன்னா பூனை. நனைஞ்சி வந்து நிக்கிற நம்மளத்தான் நாயி பூனைங்கிறான்."

சங்கத் தலைவரிடம் சொல்லி வேலையை நிறுத்த வேண்டும் என்று ஒரே கூச்சல். நான்தான், "பொறுங்கடி, என் பேத்திகிட்ட கேட்டு எழுதுறேன்" என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். சரியாக விசாரித்து எழுது. தோட்டமே உன் கடிதத்துக்குக் காத்திருக்கிறது.

உன் அப்பன் பழனியாண்டி கீழ் லயத்து வீட்டு வரிசையிலிருந்து வாரம் ஒரு தடவை ஏறி வந்து, "கீழ வந்து இரு ஆத்தா" என்கிறான். உன் அம்மா இலட்சுமி வந்து கூப்பிட்டாளா? உன் தாத்தா படத்தை அடுப்புக்கு மேலே மாட்டி, புகையில் முகமே இல்லாமல் பண்ணியவள். அவள் வாசற்படியை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லித்தான் மேலே ஏறினேன். சொன்னது சொன்னதுதான்.

மழையில் கதவு ஊதிவிட்டது போல. நிலையில் சேர மறுக்கிறது. கல்லை முட்டுக்கொடுத்து வைக்கிறேன்.

அப்பாயி மூக்காயி

*

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
28.04.2003

அன்புள்ள அப்பாயி,

முதலில் வேலைநிறுத்தத்தைக் கைவிடச் சொல். சின்னதுரை உங்களைத் திட்டவில்லை. மழை கண் மண் தெரியாமல் ஊற்றினால் இங்கிலீஸ்காரர் அப்படித்தான் சொல்வார்கள். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது. நம்மில் "பேய் மழை" என்கிறோமே, பேயா விழுகிறது? அந்த மாதிரி.

எப்படி வந்தது இந்தப் பேச்சு என்று எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் நாலு கதை சொன்னார். நாலையுமே அவர் நம்பவில்லை. ஒன்று, அந்தக் காலத்து வைக்கோல் கூரையில் நாயும் பூனையும் படுத்திருக்குமாம், பெருமழையில் வழுக்கி விழுமாம். சுத்தப் பொய் என்கிறார். இரண்டாவது, மழை விட்ட பிறகு தெருவோரக் கானில் அவை செத்துக் கிடந்ததைப் பார்த்து வானத்திலிருந்து விழுந்ததாக ஜனங்கள் நினைத்தார்களாம். இன்னொன்று, காற்றுத் தெய்வத்துக்கு நாய், சூனியக்காரிக்குப் பூனை என்று போகிறது. பழைய எழுத்து ஒன்றில் பூனைக்குப் பதிலாக மரநாய்தான் இருக்கிறதாம்! கடைசிக் கதை எனக்குப் பிடித்தது. அருவிக்கு ஏதோ ஒரு பழைய சொல் இருந்ததாம். அதைத் தெரியாதவர்கள் காதில் அது பூனையும் நாயுமாக விழுந்துவிட்டதாம். "மனுசக் காது தனக்குத் தெரிஞ்சதைத்தான் கேட்கும்" என்று சொல்லிச் சிரித்தார். உண்மையில் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, அப்பாயி.

வருஷப்பிறப்புக்குப் பரீட்சை என்று சொல்லலாம். சொல்லவில்லை. அம்மா வீட்டில் சாப்பிட்டால் நீ முகத்தைத் திருப்புகிறாய். உன் காம்பராவில் சாப்பிட்டால் அம்மா அடுப்பங்கரையில் நின்று அழுகிறாள். இரண்டு வயிறு எனக்கு இல்லை. நீ கீழே இறங்கினால் நான் வருகிறேன். பேரம் இதுதான்.

உன் குமாரி

*

மேற்கணக்கு, கடைசி லயம்,
06.05.2003

பேத்தி குமாரிக்கு,

பேரம் பேசுகிற அளவுக்குப் படித்துவிட்டாய். சந்தோஷம். இறங்கமாட்டேன்.

உன் கடிதத்தை வாசல் இஸ்தோப்பில் வைத்து எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். ஜெயம்மா கேட்டாள்: "அந்தூர்ல வானத்துலருந்து விழுந்த நாய யாருக்கா வளத்தது?" ஒரே சிரிப்பு. இப்போது மழை தூறினால்கூட எங்கள் லயத்துப் பிள்ளைகள் "கேட்சு டோக்சு" என்றுதான் கத்துகின்றன.

ஆனால் இங்கே கதை தலைகீழ். நாயும் பூனையும் விழவில்லை, கிளம்பிப் போகின்றன. ஜெயம்மாவின் பூனை நேற்று ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. லயத்து நாய்களும் இல்லை. என் கருப்பனுக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டேன். படிக்கட்டு வரை வந்தது. காலைத் தூக்கி வைக்கவில்லை. என்னைப் பார்த்து முனகிவிட்டுப் போய்விட்டது. சோறு போட்ட கையை மறந்த நாய்.

சிங்களக் கிராமத்துப் பியதாச உனக்குத் தெரியும்தானே, கித்துள் கருப்பட்டி கொண்டுவருவானே. முந்தாநாள் வந்தான். லயத்துக்குப் பின்னால் போய் மலையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் வந்து, "ஆச்சி, மே கந்த நாய யனவா" என்றான். பாவம், எனக்குப் புரியட்டும் என்று நாயைத் தமிழில் சொல்கிறான். சிங்களத்தில் அதற்கு பல்லா என்று எனக்குத் தெரியாதா? இந்த மலையில் நாய் போகிறது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நான், "ஒவ் ஒவ், எல்லா நாயும் போயிருச்சி" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதையே இன்னொரு தடவை, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். தேத்தண்ணீர் வேண்டாம் என்றான். உன் படத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். எப்போதும் பார்ப்பவன்.

வேறு புதினம் ஒன்றும் இல்லை. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது, இப்போது வருவதே இல்லை. இவ்வளவு மழையில் பீலி வற்றுமா? தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து ஒரு கோடு ஓடுகிறது. ஜெயம்மாவின் கோழிக்குஞ்சு ஒன்று அதற்குள் விழுந்துவிட்டது. கையை விட்டுத் துழாவினோம், அடி எட்டவில்லை. கொஞ்ச நேரம் கீச்கீச் என்றது. அப்புறம் சத்தம் இல்லை. சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

எனக்கு இருக்கிற ஒரே தொல்லை உங்கள் படங்கள்தான். நாலும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. காலையில் நேராக்கி வைத்தால் மறுநாள் பழையபடி. ஜெயம்மா மிளகாய் இடிக்கிற இடியில்தான் என்று அவளோடு சண்டை பிடித்தேன். "நான் மிளகாயே இடிக்கலக்கா, மழைல எங்க மிளகா காயுது?" என்கிறாள். யார் நம்புவது?

அப்பாயி

*

தந்தி

14.05.2003. பெறுநர்: மூக்காயி, மேற்கணக்கு, கல்லுமலைத் தோட்டம், றக்வான.

நாய் அல்ல. மலை சரிகிறது. இன்றே அப்பா வீட்டுக்கு இறங்கவும். எல்லோரிடமும் சொல்லவும். குமாரி.

*

கொட்டாஞ்சேனை,
14.05.2003

அப்பாயி,

தந்தி அடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கவுண்டரில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கிலீஸில் எழுதிக் கொடுத்தேன். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் உனக்கு வாசித்துச் சொல்வார். நாளைக்கும் மறுநாளும் வெசாக் பண்டிகை லீவு, தந்தி பிந்தலாம் என்று கவுண்டரில் சொன்னார்கள். தோட்டத்து ஒப்பீசுக்குப் போன் எடுத்தேன். லைன் செத்துக் கிடக்கிறது.

உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. என்னோடு அறையில் இருக்கும் ரஹ்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குருவிட்ட ஊர்ப் பிள்ளை, அவள் வாப்பாவுக்கு மாணிக்கக் குழி வேலை. கருப்பன் கதைக்குச் சிரித்தாள். பியதாச சொன்னதை வாசித்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"திரும்ப வாசிங்க குமாரி. கந்த நாய யனவாவா?"

"ஓம். மலையில நாய் போகுதாம்."

"அல்லாவே, அது உங்க நாயில்ல. நாய யனவா என்டா மல சரியுது. எங்கட குழிப் பக்கம் அந்தச் சொல்லக் கேட்டா போட்டதப் போட்டபடி ஓடுவாங்க."

அப்பாயி, பியதாச ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசவில்லை. முழுக்கச் சிங்களத்தில்தான் சொன்னான். நீ பாதியைத் தமிழாகக் கேட்டாய். எனக்கும்தான் தெரியவில்லை. தம்பி மாதிரி நானும் இரத்தினபுரி விடுதியில் அத்தனை வருஷம் படித்தும் அந்தச் சொல் என் காதில் விழுந்ததே இல்லை.

இன்னொன்று. ஆணியில் தொங்குகிற படம் எப்போதும் நேராகத்தான் தொங்கும். சாய்ந்தது படம் இல்லை. உன் சுவர். கதவு ஊதவில்லை, நிலை கோணிவிட்டது. பீலி வற்றவில்லை, தண்ணீர் மலைக்குள் வேறு வழி போகிறது. நீ ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறாய். நானும் முந்தின கடிதத்தில் கதவைப் பற்றி வாசித்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தேன்.

அம்மா வாசற்படியை மிதி. உன் காலில் விழுந்து கேட்கிறேன். சொன்ன சொல்லை நான் மறந்துவிட்டேன், அப்பா மறந்துவிடுவார், அம்மா என்றைக்கோ மறந்துவிட்டாள். ஜெயம்மாப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போ. படங்களைக் கழற்ற நிற்காதே.

குமாரி

*

கொட்டாஞ்சேனை,
19.05.2003

அப்பாயி,

இதை எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியவில்லை. பழைய விலாசத்தையே எழுதியிருக்கிறேன்.

இரத்தினபுரிக்கு பஸ் இல்லை. நேற்றும் இன்றும் கோட்டை பஸ் நிலையத்தில் நின்றேன். ரோட்டின் மேலே ஆறு போகிறது என்கிறார்கள். கிருஷாந்தின் விடுதி மேட்டில் இருக்கிறது, பிள்ளைகள் பத்திரம் என்று சேதி கிடைத்தது. ரேடியோவில் ஊர்ப் பெயர்களை வாசிக்கிறார்கள். றக்வான என்று ஒரு தடவை சொன்னார்கள். அதற்குப் பிறகு தோட்டத்துப் பெயர் வரும் என்று காத்திருந்தேன். பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

இன்று ஒரு லொறிக்காரரைக் கேட்டேன். "கல்லுமலையா? மேல் லயமா, கீழ் லயமா?" என்று திருப்பிக் கேட்டார். மேல் லயம் என்றேன். இல்லை என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். "கீழ் லயம்?" என்றேன். அதற்கும் அதே மாதிரித்தான் தலையை ஆட்டினார்.

நான்தான் உன்னைக் கீழே இறங்கச் சொன்னேன்.

யாராவது இதைப் பிரித்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கிருஷ்ணகுமாரி

*

தோட்டப் பாடசாலை,
கல்லுமலை.
27.05.2003

என் தங்கமே குமாரி,

உன் கடிதங்கள் இரண்டையும் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து தந்தார். பிரித்தது நான்தான். உன் அப்பனும் அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை வாசி. இரண்டு தடவை வாசி. அப்புறம் மற்றதைச் சொல்கிறேன்.

தந்தி வெசாக் கழிந்து சனிக்கிழமை பின்னேரம்தான் வந்தது. பெரிய கிளாக்கர் தானே குடை பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து வாசித்தார். வாசித்துவிட்டு லயத்துக்குப் பின்னால் போய் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.  கோழிக்குஞ்சு விழுந்த வெடிப்பில் இப்போது ஆள் விழலாம். "எல்லாரும் எறங்குங்க, நான் தொரைகிட்ட போறேன்" என்று ஓடினார்.

உன் படங்களைப் பார்த்தேன். கழற்ற நிற்காதே என்று சொல்ல அப்போது உன் கடிதம் வந்திருக்கவில்லை. ஆனாலும் நான் நிற்கவில்லை. பியதாச கையைப் பிடித்துச் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

ஜெயம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"எத்தன வருசமா மழ பெய்யிதுக்கா. நாய்க போனா போகட்டும். நான் என்ன நாயா?"

"அடியே, இது அந்த நாய் இல்லடி."

"நீங்கதான நாயின்னு வாசிச்சீங்க? இப்ப இல்லைங்கிறீங்க. போங்கக்கா, சோறு வடிச்சிட்டு பின்னாலயே வாறேன்."

போ என்றாள், போனேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை.

கீழ் லயத்துக்கு வந்தேன். உன் அம்மா வெளியே ஓடிவந்து, "உள்ள வாங்க மாமி, நனையிறீங்க" என்றாள். கடைசியில் அவளே வந்து கூப்பிட்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது. ஆனால் படியைப் பார்த்தவுடன் கால் எழவில்லை. வாசலிலேயே மழையில் நின்றேன்.

"மிதிக்கமாட்டேன்னா மிதிக்கமாட்டேன்."

உன் அப்பன், "இது என்ன கூத்து ஆத்தா? ஊரே பாக்குது" என்று கத்தினான். ஊரே பார்த்ததுதான். லயம் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"என்னய பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுடா. அங்க யாரு படியும் இல்ல, சர்க்கார் படி."

அவன் என்னைத் திட்டிக்கொண்டே கையைப் பிடித்தான். உன் அம்மா குடையும் பாயும் சோற்றுப் பானையும் தூக்கிக்கொண்டு, "ஒரு வீம்புக்காரிக்காக ரெண்டு பேரு நனையணும்" என்று பின்னாலேயே வந்தாள். தந்தியை நான் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னதைக் கேட்டுச் சின்னப் பிள்ளை வைத்திருந்தவர்கள் சிலரும் எங்களோடு கிளம்பினார்கள். மற்றவர்கள், கீழ் லயத்துக்கு என்ன வரப்போகிறது என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எதிர் மேட்டுக்கு ஏறினோம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறைதான் திறந்திருந்தது. நான் படிப்பை விட்ட அதே அறை. உள்ளே போனால் பிள்ளைகள் உட்காரும் வாங்குக்குக் கீழே எங்கள் லயத்து நாய்கள் அத்தனையும் படுத்திருக்கின்றன. கருப்பன் வாலை ஆட்டியது. சோக்கட்டி அலுமாரிக்குள் ஜெயம்மாவின் பூனை, குட்டிகளோடு. எங்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்துவிட்டன.

உன் அம்மா என்னைத் திட்டியபடியே தலையைத் துவட்டிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரம். லொறியில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். கொட்டி முடியவே இல்லை. நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை, குமாரி. அதுதான் எனக்கு இன்னும் தூக்கம் வராமல் பண்ணுகிறது.

வெளியே வந்து பார்த்தோம். மேல் லயம் இருந்த இடம் சிவப்பு மண். கீழ் லயம் இருந்த இடமும் சிவப்பு மண். நடுவில் இருந்த படிக்கட்டு கூட இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியவர்களின் பெயர்களை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஜெயம்மாவை நாலாம் நாள்தான் எடுத்தார்கள். பாதி வழியில் கிடந்தாள். பின்னாலேயே வாறேன் என்றவள் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். பியதாசவும் மண் வெட்டினான். என்னைப் பார்த்து அழுதான்.

நீ என்னைக் கீழே இறங்கச் சொன்னாய் என்று புலம்பாதே. நீ சொல்லாவிட்டால் நான் அந்தக் காம்பராவிலேயே இருந்திருப்பேன். உன் அப்பன் இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம், எங்க ஆத்தா வீம்புதான் எங்கள காப்பாத்திச்சி என்கிறான். வீம்பைப் புகழாதேடா என்று வாயை அடைத்தேன். ஜெயம்மாவிடம் இருந்ததும் அதே வீம்புதான். ஒரே மாவு, இரண்டு ரொட்டி.

அருவியின் பெயரைக் காது தப்பாகக் கேட்டதாக ஒரு கதை எழுதியிருந்தாயே, உன் விரிவுரையாளர் சிரித்தாரே, அவரிடம் போய்ச் சொல். அது கதை இல்லை. அந்த ஊரிலும் யாரோ ஒரு பியதாச ஓடிவந்து கையைப் பிடித்துச் சொல்லியிருப்பான். அவர்களும் சிரித்திருப்பார்கள். பிறகு தெருவில் நாயும் பூனையும் மட்டுமா கிடந்திருக்கும்?

உன் அம்மாவும் நானும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். இங்கே அவள் படி என் படி என்று இல்லை, மிதிக்கிற பிரச்சினையும் இல்லை. ரோடு திறந்ததும் வா. உன் பேரத்தில் நீ ஜெயித்துவிட்டாய்.

ஒரு காரியம். போன பொங்கலுக்கு நீ லயத்து வாசலில் எடுத்த படத்தில் ஜெயம்மா ஓரத்தில் நின்றாள், பாதி முகம்தான் விழுந்திருந்தது. அது உன்னிடம் இருந்தால் பத்திரமாக வை. அவளுக்கு வேறு படம் கிடையாது.

எனக்கு உன்னைப் புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் போடு. பெரிதாகக்கூட வேண்டாம். இங்கே கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கிறது, நூல் கட்டித் தொங்கவிடுவேன். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு இல்லை, குமாரி. இன்னும் மழை விடவில்லை. காலையில் எழுந்தவுடன், இந்தச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு படம் வேண்டும்.

அப்பாயி மூக்காயி